கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

சித்திரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை மட்டும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டுப் பதினொன்றுக்குப் போகப் போகிறவள். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிறாள். மின்விசிறி ஓடாத கூடத்தில் ஏன் இப்படி என்று கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் பேசினார்.

"கழுத்தெல்லாம் கருப்பா அடை கட்டிக்கிச்சிக்கா. பீர்க்கங்கா நாரு போட்டுத் தேச்சேன், எலுமிச்சம்பழம் வெச்சித் தேச்சேன். எரியுதுன்னு கத்தறா. கருப்பு மட்டும் போவல. பள்ளிக்கூடத்துல நீ குளிக்கறதே இல்லையான்னு கேக்கறாங்களாம்."

அழுக்கு என்ற சொல் நம் மக்கள் மீது புதிதாக எறியப்படுவதல்ல. ஊர்க் குளத்தில் நம் பாட்டன்களை இறங்க விடாதவர்கள்தான் அவர்களை அழுக்கு என்றும் சொன்னார்கள். அந்தப் பழியை நினைத்தே நம் தாய்மார்கள் பிள்ளைகளை எண்ணெய் வைத்துத் தலைவாரி, துவைத்த சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பிய பிள்ளையைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. பிள்ளை துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

அதே வீட்டுத் திண்ணையில் அவளுடைய சித்தி உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. "கொஞ்ச நாளு அம்மா ஊட்டுல இருந்துட்டு வா" என்று புகுந்த வீட்டில் அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவர் கழுத்திலும் அதே கருப்பு. அன்று எங்களுக்கும் விவரம் தெரியாது. பிள்ளையின் கழுத்தும் சித்தியின் வயிறும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் என்பதைப் பிறகுதான் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பத்து முறை கூப்பிடும் உடம்பு

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைகளும் கல்லீரலும் எடுத்துக்கொள்ளும்படி அழைப்பது இன்சுலின். கணையம் அதைச் சுரக்கிறது. சிலருடைய உடம்பில் அந்த அழைப்பு சரியாகக் காதில் விழுவதில்லை. ஒருமுறை கூப்பிட்டால் வராதவரைப் பத்து முறை கூப்பிடுவதுபோல, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இதற்கு 'இன்சுலின் எதிர்ப்பு' என்று பெயர். சர்க்கரைச் சோதனையில் அளவு சரியாகவே இருக்கும். ஆனால் இரத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூச்சல் பக்கத்து வீட்டையும் எழுப்பிவிடுகிறது. சூலகத்துக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மிகுந்த இன்சுலின் பட்டதும் அது 'ஆண்ட்ரோஜன்' என்னும் ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. பெண்ணுடம்பில் அது இயல்பாகவே சிறிதளவு இருப்பதுதான். அளவு கூடும்போதுதான் தொல்லை. முகவாயில் முடி வளர்கிறது, பரு வருகிறது, தலைமுடி கொட்டுகிறது. மாதம் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளியே வரும் ஒழுங்கு குலைகிறது. மாதவிடாய் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போகிறது. முட்டை வெளிவராவிட்டால் கரு எங்கிருந்து வரும்?

தோலும் அந்த இன்சுலினைக் கேட்கிறது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் தடித்து வெல்வெட்டுத் துணிபோலக் கருக்கிறது. நம் பிள்ளையின் கழுத்தில் இருந்தது அதுதான். எந்தச் சோப்பும் நாரும் அதைப் போக்காது. தேய்க்கத் தேய்க்கப் புண்தான் ஆகும்.

'நீர்க்கட்டி' கட்டியல்ல

இந்த நோயை ஊரில் 'நீர்க்கட்டி' என்கிறோம். மருத்துவர்கள் 'பி.சி.ஓ.எஸ்' என்று எழுதுகிறார்கள். 1935-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் கண்டதை எழுதியபிறகு இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. கட்டி என்றதும் நம் பெண்கள் பயந்துபோகிறார்கள். "அறுக்கணுமா? புத்துநோயா?" என்று கேட்கிறார்கள். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெளிவர முடியாமல் பாதியில் நின்றுபோன சிறிய முட்டைப் பைகள். அறுத்து எடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஸ்கேனை மட்டும் வைத்து இந்நோயை முடிவு செய்யவும் கூடாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்த முட்டைப் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு போன்ற பிற காரணங்கள் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். வளரிளம் பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேனை ஒரு அளவுகோலாகவே கொள்ளக் கூடாது என்கிறது 2023-இல் வந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல். அந்த வயதில் பல முட்டைப் பைகள் தெரிவது இயல்பு. பள்ளிப் பிள்ளையை ஸ்கேன் எடுத்து "கட்டி இருக்கு" என்று பயமுறுத்தும் இடங்களை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 விழுக்காடு வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. குடும்ப வழியிலும் வருகிறது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை, சித்திக்குக் குழந்தையின்மை, பிள்ளைக்குக் கழுத்துக் கருப்பு என்று ஒரே வீட்டில் இருந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது.

இது பணக்கார நோயா?

"வெயில்ல கஷ்டப்படற சனங்க நாம. நமக்கு ஏன் இதெல்லாம் வருது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உடல் எடை கூடியவர்கள். அதே ஆய்வில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. எடை கூடியிருக்கிறது, இரத்தம் இல்லை. வயிறு நிறைகிறது, உடம்புக்குச் சத்துச் சேரவில்லை. ரேஷன் அரிசி நம்மைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. அதைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் மூன்று வேளையும் அந்தச் சோறும் ரசமும் ஊறுகாயும்தான் என்றால், பருப்புக்கும் முட்டைக்கும் காய்க்கும் காசு இல்லை என்றால், உடம்பில் சேர்வது மாவுச்சத்து மட்டுமே. கேழ்வரகும் கம்பும் விளைந்த மானாவாரி நிலத்தில் நம் பாட்டிகள் கூலியைத் தானியமாக வாங்கி வந்தார்கள். இன்று நடவும் அறுப்பும் இயந்திரத்திடம் போய்விட்டன. நம் பெண்கள் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிப் போய் எட்டு மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்துவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டு வீடு திரும்புகிறார்கள்.

தெற்காசிய மக்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும் இயல்பு கூடுதல். எடை அதிகம் இல்லாதபோதே இன்சுலின் எதிர்ப்பு தொடங்கிவிடுகிறது. ஒல்லியான பெண்ணுக்கும் இந்நோய் வரும். எனவே "தின்னுட்டுச் சும்மா இருக்கா, அதான்" என்று எந்தப் பெண்ணையும் யாரும் ஏச வேண்டாம். நிலம் இல்லாததும், கூலி போதாததும், பிள்ளைகள் விளையாட நம் தெருவில் ஒரு திடல் இல்லாததும் சேர்ந்துதான் இந்த நோயை வளர்க்கின்றன.

சித்தி போன வழி

அந்தச் சித்தி எங்கெங்கே போனார் என்று கேட்டோம். முதலில் சாமியாடியிடம். பிறகு 'ஒரே மாதத்தில் கட்டி கரையும்' என்று விளம்பரம் செய்த பொடிக்கு. பிறகு பேருந்து நிலையத்தில் பெரிய குழந்தைப் படம் வைத்து, இலவச ஆலோசனை முகாம் என்று எழுதியிருந்த நகரத்துத் தனியார் கருத்தரிப்பு மையத்துக்கு. ஆலோசனை இலவசம். அதற்கடுத்த எல்லாவற்றுக்கும் காசு. ஸ்கேன், ஊசி, மறுபடி ஸ்கேன். தாலியில் இருந்த குண்டுமணிகள் அடகுக்குப் போயின. மகளிர் குழுவில் வாங்கிய கடன் ஊசிக்குப் போனது. குழுவில் வாரத் தவணை கட்ட முடியாமல் அவமானப்பட்டதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு காரியங்கள் நடக்கவில்லை. அவருக்கு யாரும் சர்க்கரைச் சோதனை செய்யவில்லை. அவர் கணவருக்கு இரண்டு வருடம்வரை விந்தணுச் சோதனை செய்யவில்லை. செலவு குறைந்த, முதலில் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆனால் ஊர் ஏசுவது ஒருவரைத்தான். 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் இல்லை. 'மலடி' தெருவெல்லாம் இருக்கிறது. வளைகாப்புக்கு அழைக்காமல் விடுவதும், பச்சைக் குழந்தையைக் கையில் தராமல் இருப்பதும் நம் தெருக்களிலும்தான் நடக்கின்றன. தீண்டாமையின் வலியை அறிந்த நாமே ஒரு பெண்ணைத் தள்ளி நிறுத்துகிறோம்.

கடைசியில் கையில் காசு தீர்ந்தபிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு பெண் மருத்துவர் ஸ்கேன் கட்டைப் பிரிப்பதற்கு முன் கழுத்தைப் பார்த்தாராம். "வீட்டுல யாருக்காவது சுகர் இருக்காம்மா?" என்று கேட்டாராம். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

மருத்துவத்துக்கு ஒரு வரிசை உண்டு

முதல் படி சோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் சர்க்கரை பார்ப்பது. இன்சுலின் அளவையே அளக்கும் சோதனை வழக்கமான சிகிச்சைக்குத் தேவையில்லை. அதற்குக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது படி உணவும் நடையும். எடை கூடியவர்கள் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது. 70 கிலோ எடையுள்ள பெண் மூன்றரை முதல் ஏழு கிலோ குறைத்தால் போதும். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. சோற்றைக் குறைத்து முட்டை, பயறு, கீரை, கருவாடு ஆகியவற்றைக் கூட்டுவது. சர்க்கரை போட்ட டீயையும் குளிர்பானத்தையும் விடுவது. தினம் அரைமணி நேரம் வேகமாக நடப்பது.

மூன்றாவது படி 'மெட்ஃபார்மின்'. நம் ஊரில் பெரியவர்கள் போடும் அதே சுகர் மாத்திரைதான். விலை குறைவு. உடம்பு இன்சுலினின் அழைப்பைக் கேட்க இது உதவுகிறது, மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் உதவுகிறது. தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டலாம். மருத்துவர் அளவு சொல்லாமல் பாட்டியின் மாத்திரையை எடுத்துப் போடக் கூடாது.

ஆனால் குழந்தைக்கு மெட்ஃபார்மின் மட்டும் பெரும்பாலும் போதாது. 2007-இல் அமெரிக்காவில் இந்நோயுள்ள 626 பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஆறு மாதம்வரை சிகிச்சை பெற்றதில், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குக் குழந்தை பிறந்தது. முட்டையை முதிரச் செய்யும் 'குளோமிஃபீன்' மாத்திரை எடுத்தவர்களில் 22 பேருக்குப் பிறந்தது. 2014-இல் 750 பெண்களிடம் செய்த மற்றொரு ஆய்வில் குளோமிஃபீனைவிட 'லெட்ரோசோல்' மேல் என்று தெரிந்தது. ஐந்து சுழற்சிக்குள் லெட்ரோசோலில் நூற்றுக்கு 27 பேருக்கும், குளோமிஃபீனில் 19 பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்று முட்டையை வரவழைக்க முதலில் தரப்படும் மருந்து லெட்ரோசோல்தான். மார்பகப் புற்றுநோய்க்காக வந்த இந்த மருந்தைக் குழந்தையின்மைக்குத் தர இந்தியாவில் 2011-இல் தடை விதித்தார்கள். 2017-இல் தடையை நீக்கினார்கள். மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் மட்டும் போடும் மாத்திரை இது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்து மருத்துவர்தான் தர வேண்டும்.

இந்தக் கணக்கை இன்னொரு விதமாகவும் பாருங்கள். நல்ல மருந்திலும் ஐந்து சுழற்சிக்குள் நால்வரில் ஒருவருக்குத்தான் குழந்தை பிறந்தது. எனவே 'நூறு சதவீத வெற்றி' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஒரு மாதம் தவறியதும் மனம் உடையவும் வேண்டாம்.

இவையெல்லாம் பலன் தராதபோதுதான் ஹார்மோன் ஊசி, நுண்துளை அறுவைச் சிகிச்சை, சோதனைக் குழாய் முறை ஆகியவை. இந்நோயுள்ள பெண்ணுக்கு ஊசியால் ஒரே நேரத்தில் பல முட்டைகள் கிளம்பி, வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கடைசிப் படியை முதல் படியாக வைத்துக் காசு பறிக்கும் இடத்தில் நம் பெண்கள் கடனை மட்டுமல்ல, உடம்பையும் இழக்கிறார்கள். போகிற மையம் 2021-இல் வந்த கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று கேட்பது நம் உரிமை.

இந்தச் சட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. கருமுட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. சட்டம் வந்த மறு ஆண்டே, 2022-இல், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் போலி ஆதார் காட்டிப் பலமுறை விற்கப்பட்டது வெளிவந்தது. ஏழைப் பெண்ணின் முட்டைக்குச் சந்தை இருக்கிறது. ஏழைப் பெண் தாயாக நினைத்தால் அவளுக்கு மருத்துவம் எட்டவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும்.

குழந்தை வேண்டாதவர்களுக்கும் இது நோய்தான்

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கல்யாணம் மருந்தல்ல. இன்சுலின் எதிர்ப்பைக் கவனிக்காமல் விட்டால் இளவயதிலேயே சர்க்கரை நோய் வரலாம். மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்து, பின்னாளில் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. கர்ப்பம் தரித்தால் கர்ப்பகாலச் சர்க்கரை வரலாம். மனச்சோர்வும் உடன் வருகிறது. அதனால்தான் இதைக் குழந்தையின்மைப் பிரச்சினை என்று மட்டும் பார்க்கக் கூடாது என்கிறோம். படிக்கிற பெண்ணும், தனித்து வாழும் பெண்ணும், குழந்தை வேண்டாம் என்று முடிவுசெய்த பெண்ணும் இதற்கு மருத்துவம் பெற உரிமை உள்ளவர்கள்.

நாம் கேட்க வேண்டியது

1928-இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். இன்று தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி இருக்கிறது. நல்லது. அது கருவுற்ற பெண்ணுக்கு. கருவுற முடியாமல் தவிக்கும் பெண்ணுக்குக் கந்துவட்டிக்காரர்தான் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நம் தெருவரை வருகிறது. நம் தாத்தா பாட்டிகளுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அந்தச் சகோதரி அதே வீட்டில் உள்ள பெண்களிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: "மாசா மாசம் வருதா? கழுத்து கருத்திருக்கா?" சர்க்கரை பார்க்கும் கருவி அவர் பையிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆண்டுக்கு இருமுறையாவது பெண்பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை நடக்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டில் பயறும் முட்டையும் கூட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குழந்தையின்மைக்கென்று வாரத்தில் ஒரு நாள் தனிப் பிரிவு வேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மாணவர்கள் எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. வருடத்தில் எட்டு முறைக்குக் குறைவாக மாதவிடாய் வந்தால், அல்லது இடைவெளி 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தால், மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். வயதுக்கு வந்து மூன்று வருடம் ஆகாத பிள்ளைக்கு 45 நாள்வரை தள்ளிப்போவது இயல்பு. கழுத்து கருத்திருந்தால் அதையும் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கணவனையும் கூட அழைத்துப்போங்கள்.

அந்தச் சித்திக்கு எட்டு மாதத்தில் மாதவிடாய் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. இப்போது லெட்ரோசோல் மூன்றாவது சுழற்சி. குழந்தை இன்னும் இல்லை. "வந்தா வரட்டும்கா. என் ஒடம்புல என்னா நடக்குதுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது" என்றார். கணவர் சோதனைக்கு வந்தார். மாமியார் இன்னும் பேசவில்லை.

பிள்ளை மாலையில் தோழிகளோடு கபடி ஆடுகிறாள். கழுத்துக் கருப்பு முழுதும் போகவில்லை, அதற்கு நாளாகும். அம்மா பீர்க்கங்காய் நாரைத் தூக்கிப் போட்டுவிட்டார். பள்ளி திறந்ததும் யாராவது மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டோம். "அழுக்கில்ல சார், இன்சுலினுன்னு சொல்லுவேன்" என்றாள்.